பணிவிடை செய்வோரின் நலம்

ஒரு குடும்பத்தின் மூத்தவர் பாரிசவாயுவினால் படுத்த படுக்கையாகிவிட்டாலும், பெருமூளை வாதத்துடன் ஒரு குழந்தை பிறந்துவிட்டாலும், அன்று முதல் அவ்வீட்டின் படியேறி வருகிறவர்கள் எல்லோரும், உற்றாராயினும் அயலாராயினும் வைத்தியராயினும், விசாரிப்பது அந்த நோயாளியின் ஸ்திதியைப் பற்றியும் அந்தக் குழந்தையின் முன்னேற்றத்தைப் பற்றியுமே ஆகும். அது இயல்பு, அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் வந்தவர்களுக்குக் காபி கலந்து கொடுத்துவிட்டுக் கதவோரத்தில் நின்றபடி கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிற அந்த மனைவியை, அல்லது மருமகளை, அல்லது மணம் செய்துகொள்ளாமலே வீட்டோடு இருந்துவிட்ட மகளைப் பார்த்து, "ராத்திரி தூங்கினியா? உன் பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கிட்டியா?" என்று கேட்கிறவர்கள் மிகச் சிலரே. கேட்டாலும், "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பதே அவள் சொல்லும் விடையாக இருக்கும். அந்த விடையை நம்பிவிடுவதில் கேட்டவருக்கும் ஒரு சௌகரியம் உண்டு.

அவ்விடை பல சமயங்களில் உண்மையாக இருப்பதில்லை என்பதைச் சென்ற சில பத்தாண்டுகளின் ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. அவற்றுள் சிலவற்றை எடுத்துச் சொல்வது இக்கட்டுரையின் ஒரு நோக்கம். மற்றொரு நோக்கமும் உண்டு. "முதலில் உன்னைக் கவனித்துக்கொள்" என்று அவளுக்கு உபதேசம் செய்துவிட்டால் நம் கடமை தீர்ந்துவிட்டதாக இக்காலத்தில் ஓர் எண்ணம் பரவி வருகிறது. நோயாளியை விட்டு அரைமணி நேரம் அகலமுடியாதவளிடம் நடைப்பயிற்சியின் பயனையும் தியானத்தின் மகிமையையும் எடுத்துரைப்பதால் விளையக்கூடியது, ஏற்கெனவே உள்ள பாரங்களோடு, தன்னைத் தான் பேணத் தெரியாதவள் என்னும் மனக்குறையும் அவள் தலையில் ஏறுவதே. அவள் ஓய்வுகொள்ள வேண்டுமாயின், அந்த நேரத்துக்கு நோயாளியின் பக்கத்தில் வேறொருவர் இருந்தாக வேண்டும். பணிவிடை செய்பவரின் நலம் அவருடைய சங்கற்பத்தைக் காட்டிலும் அவரைச் சுற்றியிருக்கும் மனிதர்களின் கைகளைப் பொறுத்தது என்பதே என் துணிபு.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவருடைய சகாக்களும் 1995-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்ட ஓர் ஆய்வு அளவிற் சிறியது, பொருளிற் பெரியது. டிமென்ஷியா என்னும் மறதிநோயால் பீடிக்கப்பட்ட உறவினரை வீட்டில் வைத்துப் பராமரித்துவந்த 13 பெண்களையும், வயதிலும் வருமானத்திலும் அவர்களை ஒத்திருந்தும் அத்தகைய பொறுப்பு இல்லாத வேறு 13 பெண்களையும் அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இருசாராருக்கும் முன்னங்கையில், மூன்றரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சிறு காயத்தை மருத்துவ முறைப்படி உண்டாக்கி, அது முற்றும் ஆறுவதற்கு எத்தனை நாள் பிடிக்கிறது என்று கவனித்து வந்தார்கள். பொறுப்பில்லாதவர்களுக்குச் சராசரியாக 39.3 நாட்களில் ஆறிய அதே காயம், பணிவிடை செய்துவந்தவர்களுக்கு ஆற 48.7 நாட்கள் ஆயின. ஒன்பது நாட்களுக்கும் அதிகமான இந்த வேற்றுமை, அரிசி மணி அளவேயுள்ள ஒரு புண்ணில் தெரிந்ததாகும். காயம் ஆறும் காரியத்தைத் துவக்கிவைக்கும் தூதுப்பொருள்களுள் ஒன்றாகிய இன்டர்லூகினை உண்டாக்கும் திறத்தில் அப்பெண்களின் வெள்ளணுக்கள் பின்தங்கியிருந்ததையும் அவர்கள் கண்டார்கள். மனச்சுமை மனத்தோடு நின்றுவிடுவதென்று எண்ணுகிறவர்கள் இந்தப் பரிசோதனையைச் சிந்திக்க வேண்டும். கவலையும் நித்திரையின்மையும் தோலுக்கும் இரத்தத்துக்கும் எட்டிவிடுகின்றன.

இதைக் காட்டிலும் கடுமையான செய்தி 1999-ல் வந்தது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் ஷுல்ஸும் ஸ்காட் பீச்சும் 66 முதல் 96 வயது வரையிலுள்ள தம்பதியரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வாழ்க்கைத் துணைக்குப் பணிவிடை செய்துவந்தவர்கள் 392 பேர், அவ்வாறு செய்ய அவசியம் நேராதவர்கள் 427 பேர். பணிவிடை செய்ததோடு அதனால் உடலும் உள்ளமும் நலிவுற்றதாகவும் சொன்னவர்கள், அப்பொறுப்பே இல்லாதவர்களைவிட, அந்நான்கு ஆண்டுகளுக்குள் மரணமடையும் அபாயம் 63 சதவீதம் அதிகமாக இருந்தது. நோயாளி பிழைத்திருக்க, அவரைப் பார்த்துக்கொண்டவர் முந்திப் போய்விடுகிற துயரத்தை நம் ஊர்களிலும் கண்டிருக்கிறோம். "அவளை முதல்ல அனுப்பிட்டானே" என்று சாவு வீட்டில் பெரியவர்கள் அழுவதைக் கேட்டிருக்கிறோம்.

எனினும் அதே ஆய்வின் மற்றொரு பாதியை நாம் மறந்துவிடலாகாது. பணிவிடை செய்தும் நலிவு உண்டாகவில்லை என்று கூறியவர்களிடத்தில் இந்த அபாயம் அதிகரித்திருக்கவில்லை. 2013-ல் டேவிட் ராத் முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் ஒரு படி மேலே சென்றது. குடும்பத்தினரைப் பராமரித்துவந்த 3,503 பேரையும், எல்லா வகையிலும் அவர்களுக்கு இணையாகப் பொறுக்கியெடுத்த 3,503 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பராமரித்தவர்களின் இறப்பு விகிதம் 18 சதவீதம் குறைவாகவே காணப்பட்டது. இவ்விரு முடிவுகளும் முரண்படுவனபோலத் தோன்றினாலும், சேர்த்து வாசிக்கிறவர்களுக்கு ஓர் உண்மை தெளிவாகும். அன்புள்ளவருக்குத் தொண்டு செய்வது தன்னளவில் உயிரை அரிப்பதில்லை. அது பலருக்கு வாழ்வில் ஒரு பிடிப்பைக்கூடத் தருகிறது. அத்தொண்டு ஒருவர் தலையிலேயே இறங்கி, இறக்கி வைக்க இடமில்லாமற் போகும்போதுதான் கெடுதல் நேர்கிறது.

அது எவ்வாறு நேர்கிறது என்பதையும் ஆராய்ச்சியாளர்கள் விசாரித்திருக்கிறார்கள். மிகுந்த அளவில் பணிவிடை செய்துவந்த வாழ்க்கைத் துணைவர்களிடம் கேட்டபோது, போதிய ஓய்வு இல்லை, தேகப்பயிற்சிக்கு அவகாசம் இல்லை, தமக்கே காய்ச்சல் வந்தால் படுத்துத் தேறுவதற்கு நேரம் இல்லை என்று சொன்னவர்கள் ஏராளம். தமக்கு எழுதிக் கொடுத்த மருந்தைச் சாப்பிட மறந்துபோனதாகச் சொன்னவர்களும் அப்படியே. நோயாளிக்குக் காலை எட்டு மணிக்கு எந்த மாத்திரை, இரவு எட்டு மணிக்கு எது, எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கிற ஒருத்தி, தன் சர்க்கரை மாத்திரை தீர்ந்து வாரக்கணக்காகிவிட்டது என்பதை மருந்துக் கடைக்காரர் கேட்ட பிறகே உணர்கிறாள். இதைத் தியாகம் என்று போற்றுவது நம் வழக்கம். அந்தப் போற்றுதலில் நான் பங்குகொள்ள விரும்பவில்லை. தியாகம் என்பது ஒருவர் தெரிந்து கொடுப்பது. இங்கே பறிபோவது அவருக்கே தெரிவதில்லை.

ஓர் உதாரணத்தை அருகிலிருந்து பார்ப்போம். படுக்கையில் கிடக்கும் ஒருவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால், இடுப்பின் கீழும் புட்டத்திலும் குதிகாலிலும், எலும்பு துருத்தி நிற்கும் இடங்களில், முதலில் தோல் சிவந்து, பிறகு உரிந்து, படுக்கைப்புண் கண்டுவிடும். இதை அறிந்த வீடுகளில் ஒரு பழைய வேட்டியை நாலாக மடித்து, நோயாளியின் தோளிலிருந்து தொடைவரை எட்டும்படி அவருக்கு அடியில் போட்டுவைப்பார்கள். இரண்டு பேர் கட்டிலின் இரு பக்கமும் நின்று, வேட்டியின் ஓரங்களை உடலோடு ஒட்டச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் தூக்கினால், நோயாளி மெத்தையில் உராயாமல் எழும்பி, வேண்டிய இடத்தில் இறங்கிவிடுவார். தூக்குகிறவர்களின் முதுகும் நிமிர்ந்தே இருக்கும். இதே காரியத்தை ஒருத்தி தனியாகச் செய்யும்போது நடப்பது வேறு. அவள் கட்டிலில் ஒரு முழங்காலை ஊன்றி, நோயாளியின் அக்குள்களுக்கடியில் கைகொடுத்து, மேல்நோக்கி இழுக்கிறாள். அறுபது எழுபது கிலோ பாரம் முழுதும் குனிந்த முதுகின் அடித்தண்டில் இறங்குகிறது. இழுபடுகிற நோயாளியின் தோல் விரிப்போடு தேய்ந்து, எந்தப் புண்ணைத் தடுப்பதற்காக அவரைப் புரட்டினாளோ அந்தப் புண்ணுக்கே வழி பிறக்கிறது. அவளுடைய நலமும் நோயாளியின் நலமும் ஒன்றுக்கொன்று போட்டியானவை என்று நினைப்பவர்கள் இந்தக் கட்டிலருகே ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். இரண்டாவது ஆள் இல்லாத குறையை இருவர் சரீரமும் அனுபவிக்கின்றன.

இரவிலும் இப்படி எழ வேண்டியிருப்பதால் அவளுடைய நித்திரை துண்டுபடுகிறது. பகலில் எதிர்வீட்டுப் பெண் வந்து, "நீங்க போய்த் தலைக்குக் குளிச்சிட்டு ஒரு மணி நேரம் கண்ணசருங்கக்கா, நான் உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு உட்காருவாளானால், அந்த ஒரு மணி நேரத்தில் அவள் பெறுகிற ஆறுதலை எந்த மருந்தும் எந்த உபதேசமும் அளித்துவிட முடியாது. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று விடைபெறும் உறவினர்களும் மனம் நிறைந்த நல்லவர்களே. ஆயினும் என்ன வேண்டும் என்று யோசித்து, யாரிடம் கேட்கலாம் என்று தேர்ந்து, கூச்சத்தை விட்டுக் கேட்கும் வேலையையும் அவளிடமே விட்டுச்செல்கிறார்கள். எதிர்வீட்டுப் பெண் அந்த வேலையை அவளுக்கு வைக்கவில்லை.

பெற்றோர் விஷயத்தில், குறிப்பாகப் புதிதாகப் பிள்ளை பெற்ற தாயார் விஷயத்தில், நம் முன்னோர் இந்த உண்மையை ஒருவாறு உணர்ந்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவதும், பத்தியச் சாப்பாடும் மருந்தும் கொடுத்துச் சில மாதங்கள் அடுப்படி வேலையிலிருந்து அவளை விலக்கி வைப்பதும், குழந்தையைக் குளிப்பாட்டக் கைதேர்ந்த கிழவி ஒருத்தி தினந்தோறும் வந்து, காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, வெந்நீர் வார்த்துவிட்டுப் போவதும், அந்தத் தாயாரின் சரீரமும் மனமும் தேறுவதற்குச் செய்யப்பட்ட ஏற்பாடுகளே. அந்த வழக்கங்களில் மூடநம்பிக்கையும் உண்டு. தீட்டென்று பெயர் சூட்டி அவளை மூலையில் ஒதுக்கிய அநீதியும் உண்டு. அவற்றை மீட்டுக்கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்தன்று. ஆனால் அவற்றின் உள்ளே பொதிந்திருந்த மனிதக் கைகளின் உதவியை மட்டும் இழந்துவிட்டு, அந்த இடத்தில் வேறொன்றையும் வைக்காமல் விட்டுவிட்டோம். நகரத்து அடுக்குமாடி வீட்டில், கணவன் வேலைக்குப் போனபின், நாள் முழுதும் ஒரு சிசுவோடு தனித்திருக்கும் இளம் தாயின் நிலை அவளுடைய பாட்டி அறியாத நிலை.

வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள், தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் பிரசவத்தை எதிர்நோக்கியிருந்த 359 பெண்களைத் தொடர்ந்து கவனித்து, அதன் முடிவுகளை 2002-ல் வெளியிட்டார்கள். கர்ப்ப காலத்தில் இல்லாதிருந்து, பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு நோய்க்கு ஆளானவர்கள் அவர்களுள் 11 சதவீதம். எவையெவை அந்நோய்க்கு ஏதுவாயின என்று அவர்கள் எழுதியிருப்பதைத் தமிழர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்: வறுமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கையில் பெண் குழந்தை பிறத்தல், மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த இன்னல்கள், அவற்றோடு கைவேலைக்கு உதவ ஆளில்லாமை. மனநோய்க்குக் காரணம் தேடிப் போனவர்கள், துணி துவைக்கவும் தண்ணீர் தூக்கவும் ஆளில்லாததைக் கண்டு திரும்பினார்கள். கிராமம் என்றால் உறவு சூழ்ந்திருக்கும் என்றும், சூழ்ந்திருக்கும் உறவெல்லாம் உதவும் என்றும் நாம் கற்பனை செய்துகொள்வது எத்துணைத் தவறு!

பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பகுதியின் கிராமங்களில் அதீஃப் ரஹ்மான் முதலியோர் செய்து, 2008-ல் வெளியிட்ட பரிசோதனை இதற்கு ஒரு பரிகாரத்தைக் காட்டுகிறது. மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்த 903 கர்ப்பிணிகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். மனநோய் மருத்துவர் எவரும் அவர்கள் வீட்டுக்குச் செல்லவில்லை. கிராமத்துச் சுகாதாரப் பணிப்பெண்களே, சில நாள் பயிற்சி பெற்று, வீடு வீடாகச் சென்று, தாயாரோடும் அவளுடைய குடும்பத்தாரோடும் அமர்ந்து பேசினார்கள். ஆறு மாதங்களில், அவ்வாறு பேசப் பெற்றவர்களுள் 23 சதவீதத்தினரிடமும், வழக்கமான வருகைகளை மட்டும் பெற்றவர்களுள் 53 சதவீதத்தினரிடமும் மனச்சோர்வு நீடித்திருந்தது. இந்தத் திட்டத்தை வகுத்தவர்களின் விவேகம் பாராட்டத்தக்கது. 'உன் மனத்தைச் சரிசெய்ய வந்திருக்கிறோம்' என்று சொன்னால் மாமியாரும் விடமாட்டாள், அவளும் ஒப்பமாட்டாள் என்று கண்டு, 'குழந்தை நன்றாக வளர வந்திருக்கிறோம்' என்று சொல்லி உள்ளே நுழைந்தார்கள். குழந்தைகளின் எடையிலும் உயரத்திலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தோன்றாவிட்டாலும், அக்குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசி போடுவது கூடியது, தாயும் தகப்பனுமாகக் குழந்தையோடு விளையாடும் நேரமும் அதிகரித்தது.

சொல்லத் தயங்குகிற ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஓயாமல் பணிவிடை செய்பவருக்குச் சில வேளைகளில், தாம் யாருக்காக உயிரை விடுகிறாரோ அவர்மீதே தாங்க முடியாத கோபம் வரும். ஊட்டிய கஞ்சியை நோயாளி ஐந்தாவது முறையாகத் துப்பும்போது, அப்போதுதான் மாற்றிய விரிப்பு மறுபடியும் நனையும்போது, ஓங்கிய கையைத் தாழ்த்திக்கொண்டு அடுக்களைக்குள் போய் அழுதவர்கள் எத்தனை பேரோ! அந்தக் கோபத்துக்காக அவர்கள் தம்மையே வெறுத்துக்கொள்வது நோயினும் கொடியது. குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் விளங்கிய டொனால்ட் வினிகாட் என்ற ஆங்கிலேயர், 1949-ல் வெளியான தம் கட்டுரை ஒன்றில், சாதாரண நல்ல தாய் தன் சிசுவின்மீது வெறுப்புக் கொள்வதற்கான 18 காரணங்களை வரிசைப்படுத்திக் காட்டினார். தாய்மையை இழிவுபடுத்துவது அவருக்கு நோக்கமன்று. வெறுப்பு எழுவது இயற்கை என்பதையும், அதை உணர்ந்தும் அதன்படி நடவாமல் அவள் பொறுத்துக்கொள்வதே அவளுடைய பெருமை என்பதையும் அவர் உணர்த்தினார். அந்தப் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. அது நித்திரையாலும் ஆகாரத்தாலும் பிறர் துணையாலும் புதுப்பிக்கப்பட வேண்டிய ஒன்று. எல்லை கடந்த இடத்தில் முதியவர்களும் குழந்தைகளும் அடிபடுகிறார்கள். அடித்தவரைச் சமூகம் கண்டிக்கிறது. அவர் அதற்கு முன் எத்தனை இரவு தூங்கவில்லை என்று கணக்குப் பார்ப்பதில்லை.

பணிவிடை செய்வோரின் நலம் அவரவர் வீட்டு விவகாரம் என்றிருந்த நிலை மாறி, அது அரசாங்கம் கவனிக்க வேண்டிய விஷயமாக ஆன வரலாறு ஒரு தனிப் பெண்ணின் கடிதத்திலிருந்து தொடங்குகிறது. இங்கிலாந்தில் மேரி வெப்ஸ்டர் என்பவர் கிறிஸ்துவ சபையொன்றில் போதகராக இருந்தவர். 1954-ல், முப்பது வயதையொட்டிய பருவத்தில், முதிர்ந்த பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்காகத் தம் உத்தியோகத்தைத் துறந்தார். வருமானமும் போயிற்று, வெளி உலகத் தொடர்பும் போயிற்று. 1963-ல் அவர் தம்மைப் போன்ற மணமாகாத மகள்களின் நிலையை விளக்கிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதே நிலையிலிருந்த பெண்கள் பலர் நாடெங்கிலுமிருந்து அவருக்கு எழுதினார்கள். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டுமே நேர்ந்தது என்று எண்ணியிருந்தது பலருக்கும் பொதுவானது என்று அப்போது விளங்கிற்று. 1965-ல் அவர்கள் ஒரு சங்கத்தை ஸ்தாபித்தார்கள். 1969-ல் வெப்ஸ்டர் காலமானார். ஆயினும் அச்சங்கத்தின் முயற்சி ஓயவில்லை. 1976-ல், உழைக்கும் வயதில் வேலையை விட்டு நோயாளியைப் பராமரிக்கிறவர்களுக்கு உதவித்தொகை அளிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் அச்சட்டம் மணமான பெண்களை விலக்கி வைத்தது. அவர்கள் எப்படியும் வீட்டில்தான் இருப்பார்கள், ஆகையால் அவர்கள் இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதே அதன் அடிப்படை எண்ணம். ஜாக்குலின் டிரேக் என்ற மணமான பெண், தம் தாயாரைக் கவனிப்பதற்காகச் சம்பளத்துக்குச் செய்துவந்த வேலையை விட்டபோது, அவருக்கு உதவித்தொகை மறுக்கப்பட்டது. அவர் வழக்காடினார்; வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது; 1986-ல் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மனைவியின் உழைப்பு கணக்கில் சேராது என்ற அந்த எண்ணம் இங்கிலாந்துக்கு மட்டும் உரியதா என்று நாம் நம்மைக் கேட்டுக்கொள்ளலாம். இந்திய அரசு 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுச் சர்வேயின்படி, வீட்டாரைப் பராமரிக்கும் பணியில் ஈடுபடும் பெண் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 134 நிமிஷமும், ஆண் 76 நிமிஷமும் செலவிடுகிறார்கள். சமையல் முதலான வீட்டு வேலைகளிலோ பெண் 299 நிமிஷம், ஆண் 97 நிமிஷம். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வந்து சேர்வது, ஏற்கெனவே ஐந்து மணி நேர வேலை இருக்கும் நாளின்மேல்.

நம் நாட்டு வைத்தியத்தில் குடும்பத்துக்கு ஒரு விசேஷ ஸ்தானம் உண்டு. 1950-களில் அமிருதசரசு மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்துத் தங்கச் செய்து, சிகிச்சையில் அவர்களைப் பங்காளிகளாக்கினார். அதே பத்தாண்டில் வேலூரிலும் மனநல மையத்தில் நோயாளியோடு உறவினர் ஒருவர் உடன் தங்கும் முறை ஏற்பட்டது. மேல்நாட்டார் நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து மதிலுக்குள் அடைத்துக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய மனிதத்தன்மை. அவ்விருவிடங்களிலும் குடும்பத்தாருக்கு நோயின் இயல்பைக் கற்பித்தார்கள், அவர்களுடைய சந்தேகங்களைக் கேட்டார்கள். ஆனால் பொதுவாக நம் மருத்துவமனைகள் அந்த முறையின் உழைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, கற்பித்தலையும் கேட்டலையும் விட்டுவிட்டன. அரசு மருத்துவமனை வார்டில், கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே பாய் விரித்துப் படுத்திருக்கும் உடனாளியைப் பாருங்கள். ஸ்டிரெச்சர் தள்ளுவது அவர், இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர், குளுக்கோஸ் தீர்ந்தால் ஓடிப்போய் நர்ஸம்மாவைக் கூப்பிடுவது அவர். அவருக்குப் படுக்கையும் இல்லை, சாப்பாடும் இல்லை, டாக்டர் சுற்றி வருகையில் "அட்டெண்டர் எல்லாம் வெளியே போங்க" என்று அவர் துரத்தப்படவும் செய்கிறார்.

சட்டத்தில் ஒன்றும் இல்லாமலில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பெற்றோரையும் குடும்பத்தாரையும் உள்ளிட்டுப் பராமரிப்பவர் யார் என்று வரையறுக்கிறது; மிகுந்த உதவி தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர்படி வழங்கும் திட்டங்களை அரசுகள் வகுக்க வேண்டும் என்கிறது, பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்னும் நிபந்தனையுடன். கேரள அரசு படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு மாதம் 600 ரூபாய் வழங்கும் 'ஆஸ்வாஸகிரணம்' என்னும் திட்டத்தை ஏற்படுத்தியிருக்கிறது. தொகை சொற்பம், ஆயினும் அது நோயாளியின் பெயரிலன்றிப் பணிவிடை செய்பவரின் பெயரில் தரப்படுவது கவனிக்கத்தக்கது. அதே கேரளத்தில், 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் மற்ற நண்பர்களும் தொடங்கிய வலிதணிப்புச் சங்கத்திலிருந்து வளர்ந்த இயக்கம், அக்கம்பக்கத்தாரையே தொண்டர்களாகப் பயிற்றி வீடுகளுக்கு அனுப்பியது. 2008-ல் அம்மாநில அரசு வலிதணிப்புச் சிகிச்சைக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வலிதணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. இவ்வாறு வருகிறவர்கள், நோயாளியின் புண்ணுக்கு மருந்திட்டுக்கொண்டிருக்கும் வேளையில், பக்கத்தில் நிற்பவளுக்கும் பிரஷர் பார்த்துவிட்டுப் போவதற்குக் கூடுதலாகும் நேரம் இரண்டு நிமிஷம்.

இத்தகைய உதவி உண்மையில் பயன்படுகிறதா என்று கேட்கிறவர்களுக்குக் கோவாவில் அமித் டயஸ் முதலியோர் செய்து 2008-ல் வெளியிட்ட ஆய்வு விடை கூறுகிறது. மறதிநோயாளிகள் உள்ள 81 குடும்பங்களில் ஒரு பகுதியாருக்கு, உள்ளூரிலிருந்தே தேர்ந்து பயிற்சி கொடுத்த ஆலோசகர்கள் ஆறு மாதங்கள் சென்றுவந்தார்கள். நோயின் போக்கைச் சொல்லிக் கொடுப்பதும், நோயாளியின் விபரீத நடத்தைகளைச் சமாளிக்கும் வழியைக் காட்டுவதும், மனம்விட்டுப் பேச இடங்கொடுப்பதுமே அவர்கள் செய்தவை. பணிவிடை செய்தவர்களின் மனநலம் திருந்தியது. நோயாளியின் நடத்தையால் அவர்கள் படும் வேதனையும் குறைந்தது.

நியூயார்க் பல்கலைக்கழகத்து மேரி மிட்டல்மன் இதனினும் நீண்ட காலம் உழைத்தார். மறதிநோய் கண்ட மனைவியையோ கணவரையோ வீட்டில் பராமரித்த 406 பேரை ஆராய்ந்து, 2006-ல் அவர் வெளியிட்ட முடிவின்படி, ஆலோசனை உதவி பெற்றவர்கள் தம் துணையை முதியோர் பராமரிப்பு விடுதியில் சேர்க்க நேர்ந்த நாள், மற்றவர்களைக் காட்டிலும் 557 நாட்கள் தள்ளிப்போயிற்று. ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக ஒரு நோயாளி தம் சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில் இருக்க முடிந்தது. அதுவும் அவருக்கு ஒரு மருந்தும் புதிதாகக் கொடுக்காமல். அந்த உதவி எத்தகையது என்பதே எனக்கு மிகவும் முக்கியமாகப்படுகிறது. பணிவிடை செய்பவரோடு தனித்துப் பேசியது இரண்டு முறை. அவருடைய பிள்ளைகளையும் உடன்பிறந்தாரையும் வரவழைத்து எல்லோரோடும் உட்கார்ந்து பேசியது நான்கு முறை. பின்னர் ஆதரவுக் குழுவும், வேண்டும்போது டெலிபோனில் கூப்பிட்டுப் பேசும் வசதியும் இருந்தன. தனித்த பேச்சைப் போல் இருமடங்கு குடும்பத்தோடு பேசிய பேச்சு!

நம் குடும்பங்களில் அந்தப் பேச்சு நடப்பது அபூர்வம். தகப்பனார் விழுந்தவுடன், பக்கத்தில் இருக்கும் மகளோ மருமகளோ காரியத்தைக் கையிலெடுக்கிறாள். மற்றப் பிள்ளைகள் ஊருக்கு ஊர் சிதறியிருக்கிறார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் வெளிநாட்டில். மாதம் தவறாமல் பணம் வருகிறது. வீடியோவில் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். "அண்ணி இருக்கிறதனாலதான் நாங்க நிம்மதியா இருக்கோம்" என்று நன்றியோடும் சொல்லுகிறார்கள். பணம் பெரிதே, அதைக்கொண்டு பகலுக்கு ஓர் ஆளை அமர்த்தலாம், தண்ணீர்ப் படுக்கையும் வாங்கலாம். ஆனால் வருஷத்தில் இரண்டு வாரம் ஒருவர் லீவு எடுத்து வந்து, அண்ணியை அவள் பிறந்த ஊருக்கு அனுப்பிவிட்டுத் தாமே அந்தக் கட்டிலருகே படுத்துக்கொள்வது பணத்தால் ஆகாத உதவி. அந்த இரண்டு வாரத்தில் அவர் கற்றுக்கொள்வதும் பல. தகப்பனாரை வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா, இரவுக்கு ஆள் போட வேண்டுமா என்பன போன்ற தீர்மானங்களைப் பின்னர் டெலிபோனில் பேசும்போது அவருடைய வார்த்தையின் தொனியே மாறியிருக்கும்.

குடும்பத்துக்குள் அந்தப் பேச்சைத் தொடங்கிவைக்க ஏற்ற சந்தர்ப்பம் மருத்துவமனையிலிருந்து நோயாளியை அனுப்பும் நாள். அன்று கையில் கொடுக்கப்படும் டிஸ்சார்ஜ் சீட்டில் நோயின் பெயர், செய்த பரிசோதனைகள், உட்கொள்ள வேண்டிய மருந்துகள், ஆகார விதி, மறுபடியும் வந்து காட்ட வேண்டிய தேதி யாவும் இருக்கின்றன. அதில் இன்னும் சில வரிகளுக்கு இடம் விடலாம். வீட்டில் இவரைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார். அவருடைய வயதும் அவருக்குள்ள வியாதிகளும் என்ன. இரவில் அவருக்கு மாற்றாள் யார். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி நேரம், அவருக்குப் பதிலாக யார் வந்து உட்காருவார்கள். அவர் தம்மை வைத்தியரிடம் காட்டிக்கொள்ள வேண்டிய தேதி எது. டாக்டரோ நர்ஸோ, வந்திருக்கும் உறவினர் எல்லோரையும் நிற்கவைத்து, இந்த வரிகளைப் பெயர் சொல்லி நிரப்பி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதன் பிறகே ஆம்புலன்சுக்குச் சொல்லி அனுப்பலாம்.